மின்னூல் கருவியின் கீச்சொலி

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்னூல் படிக்கும் கருவியில் விளக்கைக் குறைத்து வைத்தால் சிலருக்கு 'கீ...' என்று மெல்லிய சத்தம் கேட்கிறதே, அது காதுக் கோளாறு இல்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினால் "எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே சார்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்காதுதான், வயது ஏற ஏற கீச்சொலிகள் காதில் விழுவது குறையும், சின்னப் பிள்ளைகளுக்கு 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 அதிர்வு) வரைகூடக் கேட்கும், அப்புறம் கடைத்தெரு இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

பல கருவிகளில் விளக்கை மங்கலாக்க மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை விட்டுவிட்டுத் தருகிறார்கள். அந்தத் துடிப்புக்கு ஏற்ப உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதிரும், மின்சாரத்தைச் சேமித்துத் தரும் செராமிக் கெப்பாசிட்டர் என்ற குட்டிப் பாகம் துளியளவு சுருங்கி விரியும், அது ஒட்டியிருக்கும் சர்க்யூட் போர்டே ஸ்பீக்கர் மாதிரி ஆகிவிடும். விளக்கை அணைத்ததும் சத்தம் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆபத்து இல்லை, சரி, ஆனால் அமைதியாகப் படிக்கத்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்? துடிப்பை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் யார் காதிலும் விழாது. அதைச் செய்யாத நிறுவனங்கள், உத்தரவாதக் காலத்தில் இதையும் பழுதாகக் கணக்கில் எடுத்துக் கருவியை மாற்றித் தர வேண்டும்.

– வாசகர், திருச்சி