ஓட்டுக்குள் ஒளிந்த நோய்

இலாசுப்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள வேலு,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. உன் மகள் பணிபுரியும் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலையில், உடலில் ஓடு போர்த்த அமெரிக்கப் பாலூட்டியான ஆர்மடில்லோ ஒன்று கருப்பை நோயால் இறந்ததையும், தான் முன்பே கவனித்திருக்க வேண்டும் என்று அவள் மருகுவதையும் எழுதியிருந்தாய். நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் அந்தப் பிராணியைத் தொழுநோய்ப் பாடத்தோடு மட்டுமே அறிந்தேன். உடல் வெப்பம் குறைவாக இருப்பதால் அதில் தொழுநோய்க் கிருமி வளர்கிறது என்று 1971-இல் கண்டறிந்திருந்தார்கள். அதன் கருப்பையைப் பற்றி எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. (நம் அழுங்கு எனும் எறும்புத்தின்னிக்கு உறவென்று எண்ணிவிடாதே, இரண்டும் வேறு வேறு வம்சம்.)

நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினால் அது ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தீனியைத் தொடாது; வயிற்றைத் தடவினாலே பல நேரம் எனக்குப் புரிந்துவிடும். உன் மகள் வளர்த்ததோ பந்தாகச் சுருளும், ஓட்டில் மூன்று பட்டை கொண்ட இனம். தொட்டவுடன் சுருண்டு ஓட்டுக்குள் தன்னை மூடிக்கொள்ளும் உயிரின் வயிற்றை யார் தடவிப் பார்ப்பது? மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். அதோடு சிறுநீரும் கருப்பைக் கசிவும் ஒரே வழியாக வெளியேறுவதால், தரையில் இரத்தத் துளியைக் கண்டாலும் அது சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா கருப்பையிலிருந்து வந்ததா என்று வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. போதாக்குறைக்கு இது இரவில் நடமாடும் பிராணி. பகலில் சோர்ந்து கிடந்தால் உறங்குகிறது என்றே எவரும் எண்ணுவார்கள். ஆகவே அவள் தன்னை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

ஆனால் அங்குள்ள மற்றப் பெண் ஆர்மடில்லோக்களை அவள் இனி வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். காட்டில் சினையும் ஈற்றுமாகக் கழியும் காலம், கூண்டில் சினையே பிடிக்காத சினைப்பருவச் சுழற்சிகளாகக் கழிகிறது. யானை, காண்டாமிருகம் ஆகியவற்றில் இப்படி நெடுங்காலம் சினைப்படாத கருப்பையில் கட்டிகளும் நீர்ப்பைகளும் தோன்றுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆர்மடில்லோவுக்கும் அது பொருந்தும் என்பது என் ஊகம்தான். சாணத்திலிருந்தே புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனின் அளவை அறியலாம் என்பதால், பிராணியைத் தொந்தரவு செய்யாமல் சுழற்சியைக் கண்காணிக்க முடியும். எடையை வாரந்தோறும் குறித்து வரச் சொல். திடீரெனக் குறைந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இறந்ததன் கருப்பைத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று நீ எழுதவில்லை. சீழா, கட்டியா, வெறும் இரத்தப்போக்கா என்பதைப் பொறுத்தே மற்றவற்றுக்குச் செய்ய வேண்டியது மாறும். சனிக்கிழமை மஞ்சக்குப்பம் வருகிறேன். அறிக்கை வந்திருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
சிவராமன்