டிடிஎஸ் திருகை மூடச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை தொடங்கினால் வடசென்னையில், தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வியாபாரம் சூடுபிடித்துவிடும். பொருத்த வருபவர் மீட்டரைத் தண்ணீரில் நனைத்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) என்று ஒரு எண்ணைக் காட்டுவார், நாமும் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுவோம். அது எந்தத் தண்ணீரின் எண் என்று கேட்பவர்கள் குறைவு. இங்கே ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் புழங்குகிறது: கைப்பம்பில் அடிக்கும் மெட்ரோ (குடிநீர் வாரிய) தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர். மூன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்த பிறகுதான் மெஷினைப் பற்றிப் பேச வேண்டும். மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்தால், மெட்ரோ தண்ணீருக்கு ஒரு டிரம்மைத் தனியாக ஒதுக்குவது மெஷின் வாங்குவதைவிட மலிவு.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. அத்தகைய இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் சொன்னது. அந்தத் தண்ணீருக்கு மண் தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டர், கரி நிரப்பிய கார்பன் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு போதும். ஆனால் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் 250 என்று சமர்த்தாகக் காட்டும். பழைய குழாய்கள் ஓடும் தெருக்களில் நாற்றமோ கலங்கலோ தெரிந்தால் மீட்டரை நம்பாமல், குளோரின் இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் சோதனைச் சொட்டு மருந்தால் பாருங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் புகார் கொடுங்கள், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பழைய கதை. போர் தண்ணீரையே குடித்தாக வேண்டிய வீட்டுக்கு ஆர்.ஓ. அவசியம்தான். தவறு நடப்பது அதற்குப் பிறகு, டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகில். மெம்பிரேனுக்குள் (உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு) போகாத தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவந்து சுத்தத் தண்ணீரில் கலப்பதுதான் அதன் வேலை. 1800 உள்ள போர் தண்ணீர் மெம்பிரேனைத் தாண்டி 100 ஆக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "சப்பென்று இருக்கும் சார்" என்று சொல்லித் திருகைத் திறந்து 270 ஆக்கிக் கொடுத்தால், நீங்கள் குடிப்பதில் பத்தில் ஒரு பங்கு மெம்பிரேனைப் பார்க்காத தண்ணீர். நெருக்கமான குடியிருப்புகளின் போர் தண்ணீரில் கழிவுநீரிலிருந்து நைட்ரேட் இறங்கியிருக்க வாய்ப்புண்டு. யுவி விளக்கு கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. மெட்ரோ தண்ணீரில் இது இன்னும் வேடிக்கை. 300 உள்ள தண்ணீரை 25 ஆக்கிவிட்டு, திருகால் மறுபடி 150க்கு ஏற்றினால், டம்ளரில் ஏறக்குறைய பாதி ஆர்.ஓ. ஆகாத தண்ணீர். கரண்டும் கழிவுநீரும்தான் நஷ்டம். போர் தண்ணீர் மெஷினில் திருகை முழுதும் மூடச் சொல்லுங்கள். சப்பென்ற ருசி சில நாளில் பழகிவிடும்.

பொருத்தும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் சுண்ணாம்புக் காரைச் சுவர்களில் ஸ்க்ரூ முடுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது. டேங்க் நிறைந்த மெஷின் 15 கிலோவுக்கு மேல் இழுக்கும், பலகை அடித்து மாட்டுவதே நல்லது. வெயில் படும் சுவர் வேண்டாம், பாசி பிடிக்கும். கால் அங்குல டியூபைப் பிளேடால் நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு பக்கம் சரியாகப் படியாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். செருகிய பிறகு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

புது கார்பன் ஃபில்டர் முதலில் கறுப்பாகத்தான் கக்கும். மெம்பிரேனை மாட்டாமல், அந்தத் தண்ணீர் தெளியும்வரை வாளியில் விட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டால் கரித்தூள் மெம்பிரேனில் போய் அடையும். மெம்பிரேனின் ஒரு முனையில் அகலமான ரப்பர் உதடு இருக்கும், அது தண்ணீர் நுழையும் மூடிப் பக்கம் வர வேண்டும். இரண்டு சின்ன ஓ-ரிங் உள்ள முனை முதலில் உள்ளே போகும். உதடு மடங்கிப் போனால் தண்ணீர் மெம்பிரேனுக்கு வெளிப்பக்கமாக நழுவிக் கழிவுக் குழாய்க்குப் போய்விடும். முதல் டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அடுத்து ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். கழிவுநீரின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் இந்தத் துண்டு கழிவுக் குழாயில் விரல் நீளத்தில் இருக்கும், அதன்மேல் 300, 450 என்று எண் போட்டிருக்கும். நிமிடத்துக்கு இத்தனை மில்லி வெளியே விடும் என்று அர்த்தம். 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு 75 காலன்) மெம்பிரேனுக்கு 450 பொருந்தும். ஒரு நிமிடம் இரண்டு குழாயையும் அளவுக் குவளையில் பிடியுங்கள். சுத்தத் தண்ணீர் 150 முதல் 200 மில்லி, கழிவு 450-ஐ ஒட்டி வந்தால் சரி. "தண்ணீர் மிச்சமாகும்" என்று சின்ன எண் போடச் சிலர் யோசனை சொல்வார்கள். நாலில் ஒரு பங்கு சுத்தமாகும்போது கழிவில் உப்பு சுமார் 1.3 மடங்குதான். பாதியை எடுத்தால் 2 மடங்கு, முக்காலை எடுத்தால் 4 மடங்கு. கடின போர் தண்ணீரில் அந்த உப்பு மெம்பிரேன் மேலேயே சுண்ணாம்பாகப் படியும்.

மெம்பிரேன் எப்போது போச்சு என்று தேதி பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். இரவெல்லாம் நின்ற மெஷினின் முதல் டம்ளர் எப்போதும் கூடுதலாகக் காட்டும், அதைக் காட்டி மாற்றச் சொல்வது ஏமாற்று. திருகு மூடியிருந்தும் 1800 உள்ளே போய் 360-ஐத் தாண்டி வெளியே வந்தால் மாற்றலாம். டேங்க் நிறைந்து பம்ப் நின்ற பிறகும் கழிவு சொட்டினால், தண்ணீரை நிறுத்தும் மின் வால்வான சாலினாய்டு வால்வில் அழுக்கு மாட்டியிருக்கும், மெம்பிரேன் மேல் பழி போடாதீர்கள்.

1800 டிடிஎஸ் போர் தண்ணீரின் கழிவு 2300-ஐத் தாண்டும். செடிக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் விடவே கூடாது, சம்ப்பில் திருப்பிவிட்டால் சுற்றிச் சுற்றி உப்பு ஏறும். கக்கூசுக்கு ஊற்றலாம். கழிவுக் குழாயின் முனையைச் சாக்கடை ஓட்டைக்குள் செருகாமல் இரண்டு அங்குலம் மேலே நிறுத்தச் சொல்லுங்கள், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அழுக்கு குழாய்க்குள் ஏறிவராது. போகும்முன் சர்வீஸ் கார்டில் உள்ளே போகும் டிடிஎஸ், வெளியே வரும் டிடிஎஸ், ரெஸ்ட்ரிக்டர் எண், திருகு மூடியதா திறந்ததா என்ற நான்கையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை