கணக்குப் பாடவேளைக்கு மட்டும் மேல் வகுப்பு

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெருக்கல், வகுத்தல் எல்லாம் அவளுக்குத் தானாகவே பிடிபட்டுவிட்டது. இப்போது அண்ணனின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவைத்துப் பின்னக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பள்ளியிலோ இரண்டு இலக்கக் கூட்டல். சட்டென்று முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறாள். கணக்கு நோட்டை ஆசையாக எடுக்கும் பிள்ளை, போன வாரம் "கணக்கு பீரியட் போர் அடிக்குதும்மா" என்றாள். எனக்கு மனசே ஆறவில்லை.

இரண்டு வகுப்பு தாண்டி ஏற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விளையாட்டும் தோழிகளும் அவள் வயதுப் பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும். கணக்குப் பாடவேளைக்கு மட்டும் நான்காம் வகுப்பில் உட்கார வையுங்கள் என்றேன். "ஒருத்தருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கேட்கட்டுமே! சோதித்துப் பார்த்து, முடிகிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் நல்ல ஏற்பாடு அது. ஒரே வயதுப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்று அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, மலரையும் தாண்டி நிற்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் வழியில்லை?

இதற்குப் பெரிய செலவும் இல்லை. இரண்டு, நான்காம் வகுப்புகளின் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வைத்தாலே போதும். கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தனியார் பள்ளிகளும் தயங்காமல் செய்யும்.

- ஒரு தாய், கும்பகோணம்