கேசட்டை உடைக்கும் முன்: சேலத்துப் பழைய பேப்பர் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்த அம்மா, இரண்டு சாக்கு சாமானை உங்களில் ஒருவரிடம் போட்டுவிட்டார். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் போயிருக்குமோ என்று பதறி ஓடினேன். அது இல்லை. தராசுக்குக் கீழே பச்சை மையில் கிறுக்கிய ஒரு கேசட் கிடந்தது. "இதுல பாட்டு இருக்காண்ணே? நாடாவை உருவி வயல்ல கட்டக் கேக்குறாங்க" என்றார் கடைத் தம்பி. குருவி விரட்டத்தான். காற்றில் நாடா விர்ரென்று அதிருமே.

1994-ல் ஏற்காட்டில் ஹாஸ்டலில் படித்த நண்பன் கொடுத்தது அது. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் பங்க் (முரட்டு ராக்) இசைக் குழு 1978-ல் போட்ட 'ஜெர்ம்ஃப்ரீ அடலசென்ட்ஸ்' ஆல்பம். அன்று ஒரே தடவைதான் கேட்டேன். ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள், வீடு மாறி வந்த கல்யாண நாதஸ்வரம் போல ஒரு சாக்ஸபோன் கூடவே பிளிறுகிறது. ரெக்கார்டிங் கடையில் கொடுத்து ஏ பக்கத்தில் இளையராஜா பாட்டு ஏற்றிக்கொண்டேன். ஆல்பத்தில் மொத்தம் 12 பாட்டு, 6 போச்சு. ஆக, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அப்பாவின் டூ-இன்-ஒன் ரேடியோ-கேசட் பிளேயரில் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. அதை மாற்றி, பேனாவை விட்டு நாடாவைச் சுற்றி, பி பக்கத்தைப் போட்டேன். சாக்ஸபோன் இப்போது சரியான வீட்டுக்கு வந்திருந்தது. அந்தப் பெண் சோமாலிய அப்பாவுக்குப் பிறந்தவர், பல்லில் கம்பி. 19-வது பிறந்தநாளில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பங்க் குழுவின் கச்சேரி பார்த்துவிட்டு, தானும் ஒரு குழு தொடங்கியவர். வைத்துக்கொண்ட பெயர் பாலி ஸ்டைரீன், அதாவது நம்ம தெர்மாகோல்! பிளாஸ்டிக் பையைப் பற்றியே அதில் ஒரு பாட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பைக்குத் தடை வந்தது 2019-ல். அவர் 2011-லேயே போய்விட்டார். நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கை எடை போடும் உங்களுக்கு அந்தப் பாட்டு என்னைவிட நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

கம்பெனி கேசட் எங்காவது இன்னொன்று கிடைக்கும். ஏற்காட்டு ஹாஸ்டல்களில் கையால் பதிந்து கைமாறியதெல்லாம் அந்தந்தச் சாக்கோடு சரி. கையெழுத்துள்ள கேசட்டை மட்டும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் எடைக்கு என்ன விலையோ, அதைப்போல இரண்டு மடங்கு தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பூஞ்சை பிடித்திருந்தாலும் சரி. அப்புறம், நாடா அறுந்திருந்தால் தயவுசெய்து செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை கசிந்து, பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அறுந்தபடியே கொடுங்கள்.