ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஏப்ரல் 2ஆம் தேதி, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டித் தங்கள் நாளிதழ் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியிருந்தது. பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பேச்சு எப்போது வந்தது என்று பெற்றோர் கவனிக்க வேண்டியவை அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. பயனுள்ள பக்கம், வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதிலிருந்த ஆறு படங்களிலும் குழந்தைகளே இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு எங்கே போகிறார்கள் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஆகவே நான் போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். பினாங்கில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 24 ஆண்டுகளாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு 47 வயது. எனக்கு ஆட்டிசம் இருப்பது 45ஆவது வயதில்தான் தெரிய வந்தது.

என் தங்கை மகனால் தெரிந்தது அது. மூன்று வயதாகியும் அவன் பேசவில்லை என்று சுகாதார கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தங்கைக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதால் விடுப்பு எடுத்துக்கொண்டு நான்தான் அழைத்துச் சென்றேன். மருத்துவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவள் யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் யோசிக்காமலேயே மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி உறுத்துகிறது என்று அழுவானா என்று கேட்டார். நான் இன்றும் புதுச் சட்டை வாங்கினால், கழுத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டைக் கத்தரித்த பிறகே போட்டுக்கொள்கிறேன். போகும் பாதையை மாற்றினால் தாங்குவானா என்று கேட்டார். கடலோர நெடுஞ்சாலை எவ்வளவு அடைத்துக் கிடந்தாலும் ஜெலுத்தோங்கிலிருந்து வேலைக்குப் போக நான் ஒரு நாளும் கிரீன் லேன் பக்கம் திரும்பியதில்லை. வீடு திரும்பும்போது தங்கை பின்னிருக்கையில் அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பொருள் ஒன்றை அடுத்தவர் வீட்டு அலமாரியில் பார்த்துவிட்டதைப் போல இருந்தது.

அதன்பின் எனக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஏழு மாதம் காத்திருந்து, மனநலப் பிரிவில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். மனநலப் பிரிவு என்றதும் என் அண்ணி, “தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் வாங்கியாச்சா?” என்று சிரித்தார். மனநல மருத்துவமனையால் பெயர்பெற்ற ஊர் அது; இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த நகைச்சுவைக்கு விளக்கம் தேவைப்படாது.

பெரியவர்களைப் பரிசோதிப்பதில் உள்ள முக்கியமான சிக்கல், அவர்களின் குழந்தைப் பருவத்தைப் பார்த்த சாட்சி ஒருவர் வேண்டும் என்பதே. ஆட்டிசம் இடையில் வந்து தொற்றுவதன்று, பிறவியிலேயே உள்ளது என்பதால், சிறு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதைக் கேட்டறியாமல் மருத்துவர் முடிவுக்கு வருவதில்லை. என் அம்மா இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நிபோங் திபாலில் இருக்கும் சித்திக்குத் தொலைபேசியில் அழைப்பு போட்டு, மருத்துவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் கேட்டதை நானே தமிழில் சொன்னேன். “அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான் டாக்டர்” என்று தொடங்கிய சித்தி இருபது நிமிடம் நிறுத்தவில்லை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகும்போது என்னைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்களாம். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, பொறுக்கி வந்த ரப்பர் விதைகளைப் புள்ளிக் கோலம் பார்த்துப் பிரித்து வரிசையாக அடுக்குவேனாம். ஆயா அதைக் காலால் கலைத்துவிட்டால் மதியம் வரை அலறுவேனாம். இதில் எனக்கே நினைவிருக்கும் ஒன்றைச் சித்தி சொல்லவில்லை. ஒரே மரத்திலிருந்து விழும் விதைகளுக்கு மேலோட்டுக் கோலம் ஒன்றுபோலவே இருக்கும். எந்த விதை எந்த மரத்துப் பிள்ளை என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைத்தான் ஆயா கலைத்தார்.

அந்தக் காலத்தில் யாரும் கவனிக்கவில்லையே என்று நான் எவரையும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் லியோ கேன்னர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக அடையாளம் காட்டியது 1943இல். அந்த 11 பேரில் எட்டுப் பேர் ஆண் பிள்ளைகள்; என்னைப் போன்ற பெண் பிள்ளைகள் மூவரே. மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்தும் மற்றவர்களோடு ஒட்ட முடியாத பிள்ளைகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். லண்டனில் லோர்னா விங் 1981இல் எழுதிய பிறகே ஆங்கிலம் படிக்கும் மருத்துவர்களிடம் அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது. அப்போது எனக்கு மூன்று வயது, நான் ஆயாக் கொட்டகையில் இருந்தேன். அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேட்டில் ஆஸ்பெர்கரின் பெயர் ஏறிய 1994இல் நான் நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில்தான் ஆஸ்பெர்கர் பெயரிலானது உட்படத் தனித்தனியாக இருந்த பிரிவுகளெல்லாம் ஆட்டிசம் என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றால் ஏற்படும் அவதியும் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதே பதிப்பு, இந்த அடையாளங்கள் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்துபோகலாம் என்றும் சொல்கிறது. இவ்வளவையும் நிபோங் திபால் தோட்டத்து ஆயா எப்படி அறிந்திருப்பார்?

கற்றுக்கொண்ட உத்தி என்பது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். “பசியாறியாச்சா?” என்று நம்மூரில் யாரைப் பார்த்தாலும் கேட்பார்கள். பன்னிரண்டு வயது வரை நான் அதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவந்தேன்: இல்லை, இன்னும் இல்லை, காலையில் இரண்டு ரொட்டி, கறி கொஞ்சம் உப்பு. கேட்டவர்கள் முகம் மாறுவது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அது கேள்வியே அன்று, வணக்கம்தான் என்பதை ஒருநாள் நானாகக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து “ஆச்சு, நீங்க?” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கல்யாண வீட்டில் சொல்ல வேண்டியது நான்கு வாக்கியம், துக்க வீட்டில் இரண்டு, கண்ணைப் பார்க்க முடியாதபோது பார்க்க வேண்டிய இடம் புருவங்களுக்கு நடுவே. மற்றவர்கள் மூச்சு விடுவது போலச் செய்வதை நான் நாள் முழுவதும் கணக்குப் போட்டுச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல், கூட்டமும் உறுமியும் ஓய்ந்த பிறகு தனியாகப் போவதைத் திமிர் என்று என் குடும்பத்தில் முப்பது வருடமாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் தங்கள் நாளிதழிடம் ஒரு விண்ணப்பம். ஆட்டிசத்தைச் சில நாள் ‘மதியிறுக்கம்’ என்றும், சில நாள் ‘மன இறுக்கம்’ என்றும் எழுதுகிறீர்கள். மன இறுக்கம் என்றால் வேலைப் பளுவால் வருவது என்றே மக்கள் புரிந்துகொள்கிறார்கள். நான் விஷயத்தைச் சொன்னபோது என் சித்தப்பா, “யோகா செய்தால் போய்விடும்” என்று சொன்னதற்கு அந்தச் சொல்லே காரணம். தமிழ்நாட்டில் வழங்கும் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்பது இன்னும் மோசம். புற உலகம் எனக்குள் வராமல் இல்லை. தேவைக்கு மேல் வருகிறது. பக்கத்து மேசைக்காரர் தே தாரிக் கலக்கும் கரண்டிச் சத்தம்கூட என்னை விட்டுப் போவதில்லை. நல்ல சொல் ஒன்றை அறிஞர்கள் ஆக்கித் தரட்டும். அதுவரை ‘ஆட்டிசம்’ என்றே எழுதுங்கள்.

“இந்த வயசுல தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?” என்பதே என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. மருந்து மாத்திரை எதுவும் கிடையாது என்பது உண்மை. மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்; 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான அந்தப் பதிவு அவரவர் விருப்பம். விண்ணப்பித்தால், சமூக நல இலாகாவின் ஏழு பிரிவுகளில் கற்றல் சிக்கல் உள்ளவர்களுக்கான பிரிவில் என்னைச் சேர்ப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, டிப்ளோமா வாங்கி, தொழிற்சாலையில் புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிற எனக்கு அது வேடிக்கையாகப் படுகிறது. இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. என்னைப் போன்றவர்களோடு தமிழில் பேச வேண்டும்.

சென்ற ஆண்டு கோலாலம்பூரில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஒன்றுகூடிய சிறு சந்திப்புக்கு ரயிலேறிப் போனேன். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அன்பானவர்கள், ஆனால் ஆங்கிலத்தில் நான் பேசுவது வேலையிடத்துப் பேச்சு, அதுவும் ஒரு வேடம்தான். முடியும் தறுவாயில் கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி என் பக்கத்தில் வந்து நின்று, முகமன் எதுவும் கூறாமல், பழைய பினாங்கு ஃபெரிகள் ஒவ்வொன்றின் பெயரும் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் பேசினோம். ஃபெரி, தொழிற்சாலை, நாத்தனார், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி, பேச்சு வராத பிள்ளைகள். இடையிடையே இருவரும் பேசாமல் இருந்தோம், அது எங்களை உறுத்தவில்லை. அன்று இரவு பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ரயிலில் எனக்குக் களைப்பே இல்லை என்பதைக் கவனித்தேன். நான்கு மனிதர்களோடு இருந்துவிட்டு வந்தால் படுத்துவிடும் எனக்கு அது புதிது.

அது என் பிரமை என்று நினைத்திருந்தேன். ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2012இலேயே இதை எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவதில் பழி ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் வாதம். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். எட்டெட்டுப் பேராக வரிசைப்படுத்தி, ஒரு கதையை முதல் ஆள் அடுத்த ஆளுக்கும் அவர் அதற்கடுத்தவருக்கும் சொல்லும்படி செய்தார்கள். எல்லாரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில், எல்லாரும் இல்லாதவர்களாக இருந்த வரிசையைப் போலவே கதை நன்றாகச் சென்று சேர்ந்தது. இரு சாராரையும் கலந்து நிறுத்திய வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. கிள்ளான் பெண்மணியும் நானும் இரண்டு மணி நேரத்தில் கண்டது அதைத்தான்.

ஆகவே, பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள தமிழர்களில், தமக்கு ஆட்டிசம் இருப்பதாக வளர்ந்த பிறகு அறிந்தவர்களையும், பரிசோதனைக்குப் போகாமலேயே அப்படி ஐயப்படுபவர்களையும் அழைக்கிறேன். மருத்துவச் சான்று யாரும் கேட்கப் போவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தண்ணீர்மலைக் கோயிலுக்கு அப்பால் உள்ள தாவரவியல் பூங்காவில் சந்திக்கலாம் என்று எண்ணுகிறேன்; ஒலிபெருக்கியும் குழல்விளக்கும் இல்லாத இடம், விரும்பினால் பேசாமல் நடந்துகொண்டே இருக்கலாம். குரங்குகள் உண்டு, ஆகவே உணவுப் பொட்டலம் வேண்டாம். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே 1992இல் தொடங்கிய ஓர் அமைப்பு, தன் ஆண்டுக் கூடல்களில் வண்ண அட்டை முறை ஒன்றைப் பின்பற்றியது. பச்சை அட்டை அணிந்தவரிடம் யாரும் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் முன்பே அறிந்தவர்கள் மட்டும் பேசலாம். சிவப்பு என்றால் அவராக வந்து பேசும் வரை விட்டுவிட வேண்டும். அந்த அட்டைகளை நான் செய்து கொண்டு வருகிறேன். துணைக்கு அம்மாவோ கணவரோ வரலாம். ஆனால் உங்களுக்கான பதிலை அவர்கள் சொல்லக் கூடாது.

என் பெயரை வெளியிடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “குடும்பத்தில் அப்படி ஒன்று இருக்கிறதாமே” என்ற பேச்சு அவளுக்கு முன்னே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்வதை நான் விரும்பவில்லை. எனக்கு அதில் வெட்கமில்லை, அவர்களுக்கு இருக்கிறது. என் பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகத்தில் உள்ளன. வாசகர்கள் நாளிதழ் அலுவலக முகவரிக்கு அனுப்பும் கடிதங்களை எனக்குத் திருப்பி அனுப்ப இயலுமானால் நன்றியுடையவளாக இருப்பேன். எழுதுகிறவர்கள் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. நேரே விஷயத்தைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு.