முதலில் சிறுநீரை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பானத்தில் மயக்க மருந்து கலப்பது பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். போலீசில் புகார் செய்யச் சொன்னது சரி. சிறுநீர், இரத்தச் சோதனைக்கு உள்ள அவகாசத்தைச் சொல்லவில்லையே! பானத்தில் கலக்கப்படும் ஜிஎச்பி (GHB) என்ற மயக்க மருந்து ஏறக்குறைய 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். இரத்தத்தில் அதற்கும் முன்பே. வழக்கமான போதைப்பொருள் சோதனைப் பட்டையில் அது தெரியவும் தெரியாது. எங்கள் தோட்டத்து (எஸ்டேட்) கல்யாண விருந்தில் யாரோ கொடுத்த பானத்தைக் குடித்து மயங்கிய பையனை, "தண்ணி போட்டிருக்கிறான்" என்று ஒரு கிளினிக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மாலை பெரிய மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது.

சந்தேகம் வந்தாலே, விசாரணையெல்லாம் அப்புறம். நோயாளியின் சம்மதத்தோடு சிறுநீரை எடுத்து, நேரம் குறித்து, முத்திரையிட்டுக் குளிர்பெட்டியில் வைக்கும்படி தோட்டப்புறக் கிளினிக்குகளுக்குச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

வாசகர், சுங்கை சிப்புட்