குரல் கொடுத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சினிமாவைப் பற்றி வந்த சினிமாக்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படித்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் எழுதிய படங்கள் அத்தனையும் ஒரே ஆளுக்காகத்தான் அழுகின்றன. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஓட்டலில் வேலை பார்த்தவன் பெரிய நடிகனாகிறான், காதல் கைகூடவில்லை, அம்மாவும் போய்விடுகிறாள், அவன் பழைய வேலைக்கே திரும்புகிறான். 'காகஸ் கே பூல்' (1959) என்ற இந்திப் படத்தில் புகழோடு இருந்த இயக்குநர் எல்லாம் இழந்து ஸ்டுடியோ நாற்காலியிலேயே உயிரை விடுகிறார். இரண்டும் எனக்கும் பிடித்த படங்கள்தான், நாகேஷைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் பார்த்துவிட்டு "திரையுலகின் மறுபக்கம்" என்று தலைப்புப் போடுகிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்னால் நின்றவர் விழுந்ததைக் காட்டுகிறார்கள், பின்னால் நின்றவர் யார் என்று எங்கே காட்டினார்கள்?

நான் பல வருடம் டப்பிங் பேசியவள். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு படம்தான் ஞாபகம் வரும், 1952இல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் கம்பெனி எடுத்த 'சிங்கிங் இன் தி ரெயின்'. மழையில் குடையோடு ஆடும் ஜீன் கெல்லியை எல்லோருக்கும் தெரியும். கதை பலருக்கு ஞாபகம் இருக்காது. ஊமைப் படக் காலம் முடிந்து பேசும் படம் வருகிறது. லீனா என்ற பெரிய நட்சத்திரத்துக்குக் குரல் கீச்சென்று இருக்கிறது. மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைத்தால் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் சத்தம் போய்விடுகிறது, சரி என்று உடையில் தைத்து வைத்தால் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது (ஒரு சவுண்ட் இன்ஜினியர் படும் பாட்டை இவ்வளவு சிரிக்கச் சிரிக்க யாரும் காட்டியதில்லை). கடைசியில் கேத்தி என்ற பெயர் தெரியாத பெண்ணைக் கூட்டிவந்து லீனாவுக்குக் குரல் கொடுக்க வைக்கிறார்கள். வெளியே சொல்லக் கூடாது, டைட்டிலில் பெயரும் கிடையாது. முடிவில் மேடையில் லீனா வாயசைக்க, பின்னால் நின்று கேத்தி பாட, திரையை இழுத்துவிடுகிறார்கள். ஜனங்களுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. கேத்தியாக நடித்தவர் டெபி ரெனால்ட்ஸ். படத்தில் அவர் லீனாவுக்காகப் பாடுவதாக வரும் 'வுட் யூ' என்ற பாட்டை உண்மையில் பாடியவர் பெட்டி நோய்ஸ். அவர் பெயர் டைட்டிலில் இல்லை. இன்னும் கேளுங்கள், கேத்தி லீனாவுக்காக வசனம் பேசுகிறாளே, அந்தக் குரல் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். அவருக்கு நிஜத்தில் நல்ல குரல், வேடத்துக்காகக் கீச்சென்று பேசினார். ஆக, குரல் திருட்டைத் தோலுரித்துக் காட்டும் படமே ஒருத்தி குரலை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிட்டது. அந்தத் தொழிலைப் பற்றி அந்தப் படத்தின் கதையைவிட இது எனக்கு அதிகம் சொல்கிறது.

நம்ம ஊர் மட்டும் என்ன? 'இருவர்' (1997) தமிழ் சினிமாவையும் அரசியலையும் பற்றிய படம், ஐஸ்வர்யா ராயின் முதல் படம். அதில் அவருக்குப் பேசியவர் ரோகிணி. 'முதல் மரியாதை'யில் ராதாவுக்குப் பேசியவர் ராதிகா. இவர்கள் நடிகைகளாகவும் இருந்ததால் நமக்குத் தெரிந்தது. முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர்! பாட்டுக்காரர்கள் பாடு பரவாயில்லை, போராடிப் பெயர் வாங்கிவிட்டார்கள். 1949இல் 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில்கூட முதலில் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயரைத்தான் அச்சடித்திருந்தார்கள் என்றால் பாருங்கள். 'சர்வர் சுந்தர'த்துக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், 'அவளுக்கென்ன' பாட்டில் எம்எஸ்வியையும் மைக் முன்னால் டிஎம்எஸ்ஸையும் அப்படியே காட்டினார்கள். வசனம் பேசுகிறவரை அப்படி மைக் முன்னால் நிறுத்திக் காட்டிய படம் ஒன்றும் என் நினைவில் இல்லை.

படப்பிடிப்பில் கதாநாயகிக்குத் தமிழ் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார், சிலர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடித்ததை நானே திரையில் பார்த்திருக்கிறேன். அந்த உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி வசனத்தை நீட்டியோ குறுக்கியோ 'லிப்' உட்கார வைக்க வேண்டும். மூச்சிரைப்புக்கு நின்ற இடத்திலேயே குதிப்போம். அழுகைக் காட்சி நாலைந்து டேக் போனால் மறுநாள் தொண்டையில் காற்றுதான் வரும், அன்றைக்கு வேறு வேலைக்குப் போக முடியாது, அதற்கெல்லாம் தனியாகக் காசு கிடையாது. ஒரு படத்துக்கு நாலு நாள் பேசினேன், பெயர் போடுகிறோம் என்றார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். டைட்டிலில் எட்டு பேர் ஒரே கார்டில் வந்தார்கள், யார் யாருக்குப் பேசினார்கள் என்று இல்லை, என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை வேறு. இடைவேளையில் அம்மா கேட்டாள், "ஏன்டி, இந்தப் பொண்ணு என்ன, நீ கோபப்படுற மாதிரியே பேசுது?" பக்கத்து சீட்டில் இருந்தவர் அந்த நடிகை எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவதா வயிற்றெரிச்சல் படுவதா என்று தெரியவில்லை, பாப்கார்னைத் தின்றேன்.

நடிகைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மொழி தெரியாத இடத்தில் வெயிலில் நின்று உழைப்பதும் லேசான வேலை கிடையாது. தமிழக அரசு திரைப்பட விருதில் பின்னணிக் குரலுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக விருது இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விருது கொடுத்த மறுநாள் பத்திரிகையில் யார் படம் வருகிறது என்று நீங்களே உங்கள் பழைய இதழ்களை எடுத்துப் பாருங்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் விமர்சனத்தில் நடிகர் பட்டியலுக்குக் கீழே "குரல்: இன்னார்" என்று ஒரு வரி போடுங்கள். இப்போது வேற்று மொழிப் படமெல்லாம் ஓடிடியில் தமிழ் பேசிக்கொண்டு வருகிறது. அதில் பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும் அடுத்த எபிசோடுக்கு ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், நாம் படிப்பதற்குள் போய்விடுகிறது. பத்திரிகையில் போட்டால் நின்று படிக்கலாம். கேட்டால் தயாரிப்பு அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள், அது ஒன்றும் ரகசியம் இல்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கீழே பெயர் இல்லையே என்று சிரிக்காதீர்கள். இன்னும் எப்போதாவது மாமியார் வேடத்துக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு டப்பிங் குரல்,
சாலிகிராமம், சென்னை.